மறு: ‘ஹைலி காம்போசிட் நம்பர்’ – மிகு பகு எண்ணா, விஞ்செண்ணா?

வணக்கம்.

‘ஹைலி காம்போசிட் நம்பர்’ என்பதற்குத் தமிழில் ‘மிகு பகு எண்’ என்றே வைத்துக்கொள்ளலாம் என்று நேற்று இரண்டு பேர் எழுதியிருந்தீர்கள். கொஞ்சம் பொறுங்கள். இந்த வரிசை 1, 2, 4, 6, 12, 24, 36, 48 என்று போகிறது. 2 பகா எண், 1 பகு, பகா இரண்டிலுமே சேராது. பகு எண்ணே அல்லாத இரண்டு எண்களை முன்னால் நிறுத்திவிட்டு ‘மிகு பகு’ என்றால், படிக்கிற பிள்ளை முதல் நிமிடமே மடக்கும். ராமானுஜன் 1915 கட்டுரையில் ஆங்கிலத்தில் வைத்த பெயரிலும் இதே இடறல் உண்டு, அதற்காக நாமும் சுமக்க வேண்டுமா?

வரையறையைப் பாருங்கள்: தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவுக்கு வகுத்திகள் (மீதியின்றி வகுக்கும் எண்கள்) வேண்டும், அவ்வளவுதான். 4க்கு மூன்றே வகுத்தி, ஆனாலும் சேரும். 30க்கு எட்டு இருந்தும் சேராது, ஏனென்றால் 24 முன்பே எட்டைத் தொட்டுவிட்டது. ஆக விஷயம் மிகுதி அல்ல, விஞ்சுதல்.

அதனால் ‘விஞ்செண்’. பகு எண் மாதிரியே வினைத்தொகை, புணர்ச்சியிலும் சிக்கல் இல்லை.

ஒரு பெரிய எண்ணில் சோதித்துப் பார்த்தேன்: 2,93,31,86,25,600. ராமானுஜன் கட்டுரையின் பட்டியலில் விடுபட்டுப்போன எண் இது. (அவருக்கே ஒன்று தப்பியிருக்கிறது என்பதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.) 2 முதல் 19 வரை ஒரு பகா எண்ணும் விடாமல் காரணிகளாக வருகின்றன, அடுக்குகள் 6, 4, 2, 2, 1, 1, 1, 1. அடுக்குகள் எங்கும் ஏறக் கூடாது. ஏறினால் அந்த இரண்டையும் இடம் மாற்றி, அதே வகுத்தி எண்ணிக்கையோடு சின்ன எண் ஒன்றைச் செய்துவிடலாம், அப்புறம் இது எதை விஞ்சியது? ஒவ்வோர் அடுக்கோடும் 1 கூட்டிப் பெருக்கினால் வகுத்திகள் 5040. அந்த 5040-ம் ஒரு விஞ்செண்! அந்தப் பெரிய எண்ணை 1 முதல் 22 வரை எல்லாம் மீதியின்றி வகுக்கும், 23 வகுக்காது. இன்னொன்று, இது 2520-இன் வர்க்கத்தை 46189 ஆல் பெருக்கியது, 2520-ம் விஞ்செண்தான். இந்தப் பத்தியில் ‘விஞ்செண்’ வந்த இடத்தில் ‘மிகு பகு எண்’ போட்டு வாசித்துப் பாருங்கள், நாக்கு தடுக்கும்.

‘வகுமிகை எண்’ என்ற யோசனையும் வந்தது. வகுத்திகளின் கூட்டுத்தொகையை வைத்துச் சொல்லும் மிகை எண்ணோடு அது குழம்பும், வேண்டாம். விஞ்செண்களிலேயே இன்னும் கடுமையான நிபந்தனையைத் தாண்டும் ‘சுப்பீரியர்’ வகைக்கு மீவிஞ்செண் சரியாக வரும்: 7,20,720 மீவிஞ்செண், மேலே சொன்ன பெரிய எண் வெறும் விஞ்செண்.

மறுப்பு இருந்தால் எழுதுங்கள். வகுத்தியா காரணியா என்ற பழைய சண்டையை மட்டும் இந்த இழையில் இழுக்காதீர்கள், புண்ணியமாகப் போகும்.