மேளக்காரர் இல்லாத ஆப்பிரிக்க நடனப் பட்டறை

மேளச்செல்வி:
"சமூகக் குழுக்களுக்கான ஆப்பிரிக்க நடனப் பட்டறைக்கு மேளக்காரர் தேவையில்லை, ஒலிப்பதிவே போதும்" என்று தேம்ஸ்கரையான் நேற்று இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. பதினோரு ஆண்டுகளாக லண்டனில் இந்த வகுப்புகளில் ஆடி வருகிறேன். கினி, மாலி நாடுகளில் ஜெம்பே என்னும் கைமேளத்துக்கு ஆடும் ஆட்டங்களில், ஓர் அசைவை விட்டு அடுத்ததற்கு எப்போது மாற வேண்டும் என்பதைத் தலைமை ஜெம்பே வாசிப்பவரே ஒரு சிறு அடிக்கோவையால் அறிவிக்கிறார். அதைத்தான் பிரேக் என்கிறோம். சென்ற மாதம், எழுபதைக் கடந்த ஓர் அம்மையார் முழங்கால் வலியால் பாதி அசைவில் நின்றுவிட்டார். வாசித்தவர் அவருடைய பாதத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல், அவர் மறுகாலை ஊன்றும்வரை அதே தாளத்தைச் சுற்றிச் சுற்றி வாசித்து, ஊன்றிய பிறகே பிரேக்கை அடித்தார். ஒலிப்பதிவு அவருக்காகக் காத்திருக்குமா?

தேம்ஸ்கரையான்:
கோபப்படுவதற்கு முன் கணக்கைப் பாருங்கள், அம்மா. எங்கள் மன்றத்துக்குக் கிடைக்கும் நிதியில் மேளக்காரரை அழைத்தால் மூன்று அமர்வுகள்தான் நடத்த முடியும், அழைக்காவிட்டால் ஆறு. மேலும், ஒலிப்பதிவிலும் பிரேக் உண்டு. பன்னிரண்டு பேருக்கு நானே எண்ணிக் காட்டினேன்; ஒருவரும் தவறவிடவில்லை.

மேளச்செல்வி:
ஒலிப்பதிவில் இருப்பது என்றோ, எங்கோ, யாருடைய கால்களையோ பார்த்து அடித்த பிரேக். உங்கள் பன்னிரண்டு பேர் எண்களைக் கேட்டு ஆடினார்கள். மேளத்தைக் கேட்டு ஆடவில்லை. வகுப்பு முடிந்ததும் வரிசையாக மேளங்களின் முன் சென்று, தரையையும் நெஞ்சையும் தொட்டு வணங்குகிறோமே, நீங்கள் ஒலிபெருக்கியையா வணங்குவீர்கள்?

கிங்ஸ்டன்பிரியன்:
இந்தப் பட்டறைகளில் கரீபிய நடனமும் சேர்ந்திருப்பதை இருவரும் மறந்துவிட்டீர்கள். ஜமைக்காவில் சவுண்ட் சிஸ்டம் என்னும் பெரும் ஒலிபெருக்கி அடுக்குகளை 1950களிலேயே தெருவில் வைத்து, இசைத்தட்டைச் சுழலவிட்டுத்தான் மக்கள் ஆடினார்கள். டான்ஸ்ஹால் என்னும் ஜமைக்கா நடனம் முழுவதும் அந்த வழியில் வளர்ந்தது. அங்கே போய் மேளக்காரர் எங்கே என்று கேட்பீர்களா?

மேளச்செல்வி:
நன்றாகக் கேட்டீர்கள். அங்கே இசைத்தட்டைக் கையாள்பவர் கூட்டத்தின் ஆரவாரத்தைக் கேட்டு, பாட்டைப் பாதியில் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து ஓடவிடுகிறார். அவரும் ஆடுவோரைப் பார்த்தபடி நிற்கும் மனிதர்தான். பொத்தானை அமுக்கிவிட்டுத் தேநீர் போடச் செல்பவர் அல்லர். இன்னொன்றையும் கேளுங்கள். டிரினிடாடில் 1880களில் ஆங்கிலேய ஆட்சி மேளத்துக்குத் தடை விதித்தபோது, மக்கள் மூங்கிலை வெட்டித் தரையில் குத்தித் தாளம் எழுப்பினார்கள். தடையை மீறிக் காத்த ஒன்றை நீங்கள் செலவுக் கணக்கில் அடித்துவிடுகிறீர்கள்.

தேம்ஸ்கரையான்:
மூங்கிலைக் கொண்டும் ஆட முடிந்தது என்றால், ஜெம்பே இல்லாமலும் முடியும் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். கினிக்காரரான ஃபொதேபா கெய்தா 1952இல் பாரிஸில் தொடங்கிய பாலே ஆப்பிரிக்கேன் குழு, ஊரில் வட்டமாக நின்று ஆடியதை மேடைக்காக வரிசைப்படுத்தியது. மேடையில் பிரேக் எப்போது வரும் என்பது முன்கூட்டியே முடிவானது. முன்கூட்டியே முடிவானதைப் பதிவு செய்தால் என்ன குறை? ஒலிப்பதிவிலும் பிரேக் உண்டு.

நாடகப்பித்தன்:
பிரேக், பிரேக் என்று இன்னும் எத்தனை நாள்? நாடகப் பட்டறைகளைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. 1977இல் ஜமைக்காவின் உழைக்கும் பெண்கள் தொடங்கிய சிஸ்ட்ரன் குழு, தங்கள் வீட்டிலும் வேலையிலும் பட்டதை எல்லாம் கூடிப் பேசிப் பேசியே நாடகமாக்கியது. சமூகக் குழுக்களுக்கு அதுவே சரியான பாதை. சென்ற ஆண்டு இதை எழுதியபோதும் மேளச்செல்வி பேச்சை மேளத்துக்கே இழுத்துச் சென்றார்.

மேளச்செல்வி:
சென்ற ஆண்டு, நடனம் சொல்லற்றது, ஆகவே நாடகத்துக்குக் கீழானது என்று நீங்கள் எழுதியதற்குத்தான் பதில் சொன்னேன். அந்தச் சொல்லை இன்றுவரை நீங்கள் திரும்பப் பெறவில்லை, நானும் மறக்கவில்லை. கென்யாவில் அதே 1977இல் கமிரீது ஊர் மக்கள் நாடகம் போட்டபோது, தங்கள் பாட்டையும் ஆட்டத்தையும் அதற்குள் கொண்டுவந்தார்கள். பேச்சு மட்டும் போதும் என்று அவர்கள் கருதவில்லை. தேம்ஸ்கரையானுக்கு: மேடைக் கலைஞர்கள் மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்தவர்கள். உங்கள் மன்றத்துக்கு வருபவர்கள் பேருந்திலிருந்து இறங்கி, மேலங்கியைக் கழற்றிவிட்டு நேரே ஆட நிற்பவர்கள். அவர்களுக்குத்தான் காத்திருக்கும் மேளம் வேண்டும்.

கிங்ஸ்டன்பிரியன்:
மூன்று அமர்வோடு நின்றுபோனால் யாருக்காகக் காத்திருப்பது?

மேளச்செல்வி:
மூன்றே நடக்கட்டும். முழங்கால் வலியுள்ள ஒருவரை முன்வரிசையில் நிறுத்தி, உங்கள் ஒலிப்பதிவை ஓடவிட்டு, பிரேக் வரும் நேரத்தில் அவர் எந்தக் காலில் நிற்கிறார் என்று பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள்.

தேம்ஸ்கரையான்:
ஒலிப்பதிவிலும் பிரேக் உண்டு. சனிக்கிழமை ஒலிப்பதிவோடுதான் நடத்தப் போகிறேன்.