மறு: மறு: விரலால் கொட்டும் பலகைக்குத் தமிழ்ச் சொல் (வெள்ளி அச்சுக்கு முன்)

திங்கள் இரவு, மல்லாவியிலிருந்து

எல்லாருக்கும் வணக்கம். மாங்குளத்துக்குக் கிட்ட சனசமூக நிலையத்தில சனிக்கிழமைகளில நான் எடுக்கிற இசை வகுப்பு உங்களில கனபேருக்குத் தெரியும். வெளிநாட்டில இருக்கிற ஊர்க்காரர் கொஞ்சம் காசு அனுப்பியிருக்கினம், பாட் கொன்ட்ரோலர் (விரலால தட்டி ட்ரம் சத்தம் வாசிக்கிற, ரப்பர் சதுரங்கள் உள்ள பலகை) ஒண்டு வாங்கச் சொல்லி. எதைப் பாத்து வாங்கவேணும் எண்டு இரண்டு பக்கத்தில எழுதி, பிள்ளையளுக்கும் தாய் தேப்பனுக்கும் குடுக்கப்போறன். வெள்ளிக்கிழமை கிளிநொச்சியில அச்சுக்குப் போகுது.

போன வருசம் ஒருக்கா ஏமாந்திட்டன். 64 சதுரம், எல்லாத்திலயும் வெளிச்சம், பாக்க வடிவு. வீட்டை கொண்டுவந்து தட்டினா, மெதுவாத் தொட்டாலும் ஓங்கிக் குத்தினாலும் ஒரே சத்தம். அடியின்ர பலத்தை அது அளக்கிறேல்லை எண்டு வித்த கடையில ஆரும் சொல்லேல்லை, திருப்பி எடுக்கவும் இல்லை. அதைச் சொல்லுற சொல் தமிழில எங்களிட்ட இருந்திருந்தா நானும் கேட்டிருப்பன். அதாலதான் கேக்கிறன்: அந்தத் தட்டுற சதுரத்துக்கு என்ன சொல்? அடியின்ர பலத்துக்கு, கருவி விக்கிறவை வெலோசிட்டி எண்டிறதுக்கு, என்ன சொல்?

‘பாட்’ எண்டே விடுவம் எண்டுதான் முதல் நினைச்சன். ஒரு பிள்ளை கொப்பியில “நாலாம் பாட்டில் அடிக்கவும்” எண்டு எழுதி வைச்சிருக்கிறாள்.

திங்கள் இரவு, வவுனியாவிலிருந்து

ரீச்சர், பாட் எண்டே விடுங்கோ. கடைக்குப் போனா அந்தப் பேரிலதான் கேக்கவேணும், கருவியின்ர திரையிலயும் அதுதான் வரும். பெடியள் பாக்கிற காணொளி எல்லாத்திலயும் அதுதான்.

வாங்கிறதைப் பற்றி: நாலுக்கு நாலு, 16 பாட் போதும். 1988இல ரொஜர் லின் அக்காய் கொம்பனிக்கு வடிவமைச்ச எம்பிசி 60 எண்ட கருவியில வந்த அமைப்பு இது, இண்டைக்கும் விரல் வாசிப்புக்காரர் இதைத்தான் பழகினம். 64 சதுரம் உள்ளதில ஒவ்வொண்டும் சின்னன், வேகமா வாசிக்கேக்க பக்கத்துச் சதுரத்தில விரல் படும். அக்காயின்ர எம்பிடி 218 எண்ட பலகை எண்டால் 16 பாட், மூண்டு அடுக்கா மாத்தலாம், ஆக 48 சத்தம். யூ.எஸ்.பி. வயரிலயே கரண்ட் எடுக்கும். 36ஆம் இலக்கத்துக்குப் பெரிய ட்ரம், 38க்கு ஸ்னெயர் எண்ட சின்ன ட்ரம், 42க்கு மூடின ஹைஹட் (சோடித் தாளத்தட்டு), 46க்குத் திறந்தது எண்ட மிடி (மின்னிசைக் கருவியள் ஒண்டோடொண்டு பேசுற முறை) ஒழுங்கைப் பிள்ளையளுக்கு முதலே சொல்லிக் குடுங்கோ. 36ஐ எந்தச் சதுரத்தில வைக்கிறது எண்டதிலதான் முழுக் கைவாக்கும் இருக்கு. நான் பெரிய ட்ரம்மையும் ஸ்னெயரையும் இரண்டு சுட்டுவிரலுக்கும் குடுப்பன்.

செவ்வாய் காலை, முள்ளியவளையிலிருந்து

அன்பு மகள், தம்பி இருவருக்கும். அந்தப் பிள்ளை பிழை விடவில்லை. தமிழில் வல்லின மெய் சொல்லின் ஈற்றில் நில்லாது. ‘பாட்’ என்பதைத் தமிழ் நாக்கில் வைத்தால் ஓர் உகரம் ஏறி, ட் இரட்டித்து, ‘பாட்டு’ ஆகத்தான் வேண்டும். இலக்கணம் படிக்காமலே அவள் இலக்கணப்படி எழுதியிருக்கிறாள். பிறமொழிச் சொல்லைத் தொல்காப்பியர் தடுக்கவில்லை, “வடவெழுத்து ஒரீஇ” வரலாம் என்றார். ஆனால் ஒலியைத் திருத்தி எடுத்தபோது அது நம்மிடம் ஏற்கெனவே உள்ள வேறொரு சொல்லாகிவிடுகிறதே, அதுவும் இசைக்குள்ளேயே! ‘மிடி’யும் அப்படித்தான். அகராதியைத் திறந்தால் வறுமை என்று இருக்கும்.

சிலப்பதிகாரம் அரங்கேற்று காதைக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார் தோற்கருவிகளை வரிசைப்படுத்துகிறார்: பேரிகை, படகம், இடக்கை, உடுக்கை, மத்தளம் என்று போகும் அந்த வரிசையில் ‘விரலேறு’ என்று ஒன்று வருகிறது. எத்தனை நாள் இந்தச் சொல்லின் முன் நின்றிருக்கிறேன்! எறி என்ற வினை முதனிலை நீண்டு ஏறு ஆகும், கெடு கேடு ஆவதுபோல, சுடு சூடு ஆவதுபோல. கல்லேறு, கண்ணேறு என்பன அப்படி வந்தவை. எறிதல் என்றால் அடித்தலும்தான். முரசு எறிந்தார் என்பது வழக்கு. எனவே விரலேறு என்றால் விரலால் எறிவது, விரலடி. நீங்கள் தேடும் பொருளே அல்லவா?

இன்னொன்று. தொல்காப்பியர் நிலத்தின் கருப்பொருளில் பறையையும் சேர்த்தார். முல்லைக்குரியது ஏறுகோட்பறை. அங்கே ஏறு காளை, இங்கே அடி, வேர் வேறு. ஆயினும் முல்லைத்தீவு மாவட்டத்திலிருந்து ஒரு புதுக் கருவிக்குப் பெயர் வைக்கும்போது இந்த இரண்டு ஏறும் ஒன்றாய் ஒலிப்பது எனக்கு உவப்பாக இருக்கிறது. காளை இரண்டு காலால் நிலத்தைக் கிளறுவதையும் இரு கைச் சுட்டுவிரல் மாறி மாறி விழுவதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

செவ்வாய் இரவு, கிளிநொச்சியிலிருந்து

ஐயா, விரலேறு வடிவான சொல். ஆனா அது ஒரு பழைய கருவியின்ர பேர், அந்தக் கருவி எப்பிடி இருந்தது எண்டு எங்களுக்குத் தெரியாது. சதுரத்துக்கு அதை வைக்கேலாது.

நான் வெலோசிட்டிக்கு வாறன், பௌதிகம் படிப்பிக்கிற ஆள் எண்டபடியால். தயவுசெய்து ‘வேகம்’ எண்டு போடாதேங்கோ. எங்கட புத்தகத்தில கதி, வேகம் எண்டு இரண்டு. தமிழ்நாட்டில அதையே வேகம், திசைவேகம் எண்டினம். கரையைத் தாண்டினா ஒரே சொல் மற்றப் பொருள். அதோட, பிள்ளை ‘வேகமா அடி’ எண்டதைக் கெதியா வாசி எண்டுதான் விளங்கும்.

அந்தப் பேர் வந்ததே கீபோர்ட்டால. சாவிக்குக் கீழ இரண்டு தொடுகை இருக்கும், முதலாவதிலயிருந்து இரண்டாவதுக்கு எவ்வளவு நேரத்தில போகுது எண்டு அளக்கும். அது மெய்யாவே வேகம். ரப்பர் சதுரத்துக்குக் கீழ இருக்கிறதோ அமத்த அமத்த மின்தடை குறையிற ஒரு தாள். அது அளக்கிறது விசை. பிறகு 1இலயிருந்து 127க்குள்ள ஒரு எண்ணாக்கி அனுப்பும். 0 அனுப்பினா சத்தத்தை நிப்பாட்டு எண்டு அர்த்தம். ரீச்சரின்ர பழைய பலகை எப்பவும் ஒரே எண்ணை அனுப்பியிருக்கும்.

‘அடிவலு’ எண்டும் வேண்டாம், வலு எங்கட பாடத்தில வேறை கணியம். ‘அடிவிசை’ எண்டு வையுங்கோ. ஒரு அடி, ஒரு விசை, ஒரு எண். விசைப்பலகை எண்டு கீபோர்ட்டைச் சொல்லுற இடங்களில குழப்பம் வரலாம், எங்கட பிள்ளையள் சாவிப்பலகை எண்டுதான் படிக்கினம்.

புதன் மத்தியானம், மல்லாவியிலிருந்து

அடிவிசையை எடுத்திட்டன். நன்றி சேர், ஆரும் மறுக்கமாட்டினம் எண்டு நினைக்கிறன்.

நேற்று நாலு பிள்ளையளை வீட்டை கூப்பிட்டு, ஒண்டும் சொல்லாம, “இதுக்கு என்ன பேர் வைப்பியள்?” எண்டு கேட்டன். கட்டை, பெட்டி, குமிழ் எண்டு ஆளுக்கொண்டு. ஒருத்தியின்ர அம்மப்பா கோவலன் கூத்துக்கு உடுக்கு அடிச்சவர். அவள் ஒண்டும் சொல்லேல்லை. நடுவிரலையும் மோதிரவிரலையும் சேத்து ஒரு சதுரத்தின்ர விளிம்பில தட்டினாள், பிறகு நடுவில. “ரீச்சர், நடுவில கண் மாதிரி இருக்கு, அங்கதான் நல்லாக் கேக்குது” எண்டாள். நானும் தட்டிப் பாத்தன், மெய்தான். அப்பதான் முழவின்ர முகத்துக்குக் ‘கண்’ எண்டு பழைய பாட்டில வாறது ஞாபகம் வந்தது. தட்டுக்கண் எண்டு வைப்பமோ? முழுக் கருவியும் தட்டுக்கண் பலகை.

புதன் பின்னேரம், ஒட்டுசுட்டானிலிருந்து

தங்கச்சி, தவில்காரர் ஆரும் கண் எண்டு சொல்லுறேல்லை. தவிலின்ர இரண்டு பக்கமும் எங்களுக்கு வலந்தலை, தொப்பி. வலந்தலையில விரலுக்குக் கூடு போட்டு வாசிப்பம், தொப்பியில கழியால. ‘தட்டு’ எண்டதும் எனக்குப் பிடிக்கேல்லை. தாளம் போடேக்க, அதின்ர அங்கங்களில, லகுவில ஒரு தட்டு, பிறகு விரல் எண்ணுறது. துருதத்தில ஒரு தட்டு, ஒரு வீச்சு. ‘தட்டுக்கு அடி’ எண்டு நீங்கள் சொன்னா வாய்ப்பாட்டுப் படிக்கிற பிள்ளை உள்ளங்கையைத் தொடையில போடும். கொட்டு எண்டு வையுங்கோ. கொட்டுமேளம் எல்லாருக்கும் தெரியும்.

புதன் இரவு, வவுனியாவிலிருந்து

கொட்டு எண்டா என்ர வீட்டில குளவிதான். தட்டுக்கண்ணுக்கு நான் சம்மதம், ஆனா முதல் தரம் வாற இடத்தில பாட் எண்டும் போடுங்கோ, இல்லாட்டி கடையில பிள்ளை முழிக்கும்.

வியாழன் காலை, முள்ளியவளையிலிருந்து

கண்ணுக்கு நான் தலை வணங்குகிறேன். “அறைபறை கண்ணார்” என்று வள்ளுவர் மறைத்த துயரை ஊருக்கு அறிவித்துவிடும் கண்ணைப் பறையாக்கினார், அந்தக் குழந்தை பறையைக் கண்ணாக்கியிருக்கிறாள். ஆனால் அதே குறளிலுள்ள ‘அறைபறை’யைப் பாருங்கள். வினைத்தொகை. அறைந்த, அறைகின்ற, அறையும் பறை. அவ்வழியில் தட்டிய, தட்டுகின்ற, தட்டும் கண் ‘தட்டுகண்’தான். வினைத்தொகையில் வலி மிகாது. சுடுகாட்டில் க் இல்லை, ஊறுகாயில் இல்லை. மகளே, அந்தக் க்கை எடுத்துவிடுங்கள்.

வியாழன் மத்தியானம், கிளிநொச்சியிலிருந்து

ஐயா, ‘தட்டு’ எண்டதைப் பேர்ச்சொல்லா எடுத்து, தட்டுக்குரிய கண் எண்டு விரிச்சா க் வரும்தானே? எனக்கு இலக்கணம் குறைவு. ஆனா வாயால சொல்லிப் பாருங்கோ. க் இல்லாட்டி ககரம் மெலிஞ்சு காத்தோட போகுது. க்கோட சொன்னா விரல் விழுந்த சத்தம் கேக்குது.

வியாழன் இரவு, மல்லாவியிலிருந்து

இரண்டு விதமாயும் ஒரு பத்துத் தரம் சொல்லிப் பாத்தன், பிள்ளையளையும் சொல்ல வைச்சன். எல்லாரும் க்கோடதான் சொல்லினம். தட்டுக்கண், அடிவிசை, தட்டுக்கண் பலகை எண்டு போட்டு, முதலாம் பக்கத்தில ஒரு தரம் பாட் எண்டும் போட்டிருக்கிறன். விரலால வாசிக்கிற கலைக்கு மட்டும் ஐயாவின்ர சொல்: விரலேறு. அண்ணை, தாள வகுப்பில குழம்பாம இருக்க, பலகைக்குத் தட்டு எண்டு தனியா ஒருநாளும் சொல்லமாட்டன் எண்டு உங்களுக்கு வாக்குத் தாறன். நாளைக்கு எட்டரை பஸ்ஸில கொண்டுபோறன்.

வியாழன் நள்ளிரவு, முள்ளியவளையிலிருந்து

விரலேறுக்கு நன்றி மகளே. க்கை நான் ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டாம் பதிப்புக்கு முன் மீண்டும் எழுதுவேன்.