ஸ்ட்ரக்ட்டின் கடைசியில் ஒரே ஒரு ஃபீல்டு சேர்த்ததற்குப் பழைய பைனரி விழுகிறது: எஸ்ஓநேமை மாற்றாமல் சரிசெய்ய வழி உண்டா?

தறிநூல் கேட்டது:

சி-யில் எழுதிய ஷேர்டு லைப்ரரி, 64 பிட் லினக்ஸ். 1.4-ல் பொது ஹெடரில் உள்ள கான்ஃபிக் ஸ்ட்ரக்ட்டில் நாலு ஃபீல்டு: ஹோஸ்ட் (பாயின்டர்), போர்ட் (இன்ட்), ஃப்ளாக்ஸ் (இன்ட்), யூசர் (பாயின்டர்). 1.5-ல் கடைசியில் டைம்அவுட் என்று ஒரு இன்ட் சேர்ந்தது. வேறு எதையும் தொடவில்லை. எஸ்ஓநேம் (பைனரி ஓடும்போது லைப்ரரியைத் தேடும் பெயர்) அதே .எஸ்ஓ.1 தான்.

புரோகிராம் இந்த ஸ்ட்ரக்ட்டை லோக்கல் வேரியபிளாக வைத்து முகவரியை லைப்ரரியின் இனிட் ஃபங்ஷனுக்குக் கொடுக்கும். இனிட் மெம்செட் போட்டுச் சுழியாக்கும். பிறகு அதே முகவரி ஓப்பன் ஃபங்ஷனுக்குப் போகும், ஓப்பன் ஒரு ஹேண்டிலைத் தரும்.

1.4-ல் கம்பைல் ஆன பைனரியை அப்படியே விட்டு லைப்ரரியை மட்டும் 1.5 ஆக்கினால் "ஸ்டாக் ஸ்மாஷிங் டிடெக்டெட்" என்று அபார்ட் ஆகிறது. திரும்பக் கம்பைல் செய்தால் ஓடுகிறது. நடுவில் செருகினால் பின்னால் உள்ளவற்றின் ஆப்செட் (ஸ்ட்ரக்ட்டின் தொடக்கத்திலிருந்து உள்ள தூரம்) நகரும், சரி. கடைசியில் சேர்த்ததற்கு ஏன்? 1.5 ஏற்கெனவே வெளியாகி, அதை வைத்தும் சிலர் கம்பைல் செய்துவிட்டார்கள்.

எட்டாம்பைட்:

கடைசியில் சேர்க்கலாம் என்பதெல்லாம் இடத்தை லைப்ரரியே ஒதுக்கும்போதுதான். இங்கே ஒதுக்குவது புரோகிராம்.

கணக்குப் பாருங்கள். 1.4-ல் 8+4+4+8 = 24 பைட். 1.5-ல் கூட ஒரு 4, எட்டின் மடங்காக்க பேடிங் 4, மொத்தம் 32. 24 என்ற எண் பழைய பைனரிக்குள் கம்பைல் ஆனபோதே பதிந்துவிட்டது. புது இனிட்டுக்குள் இருக்கும் சைஸ்ஆஃப் 32. ஆக 24 பைட் இடத்தில் 32 பைட் சுழி எழுதுகிறீர்கள், மிச்ச எட்டு பக்கத்து வீட்டில் விழுகிறது. அங்கே ஸ்டாக் கேனரி (எல்லை மீறி எழுதியதைப் பிடிக்க கம்பைலர் வைக்கும் காவல் எண்) இருந்தது உங்கள் அதிர்ஷ்டம். வேறொரு லோக்கல் வேரியபிள் இருந்திருந்தால் அது சத்தமில்லாமல் 0 ஆகியிருக்கும்.

இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. ஓப்பன், 24-ம் ஆப்செட்டிலிருந்து டைம்அவுட்டைப் படிக்கும். இனிட்டை மட்டும் சரிசெய்தால் அபார்ட் நின்றுவிடும், ஆனால் பழைய பைனரியில் கேனரியின் முதல் நாலு பைட்டே டைம்அவுட் ஆகும். ஒவ்வொரு ஓட்டத்திலும் வேறு வேறு எண். நெட்வொர்க்கில் கோளாறு என்று தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

முடிச்சு:

சிம்பல் வெர்ஷனிங் (ஒரே ஃபங்ஷன் பெயரைப் பல பதிப்பு முத்திரைகளோடு வைப்பது) போடுங்கள். லினக்ஸின் சி லைப்ரரியான ஜிலிப்சி செய்வது இதைத்தான். எக்ஸ்86-64-ல் மெம்காப்பி 2.14-ல் மாறியபோது, 2.2.5 என்ற முத்திரையோடு பழையதும் உள்ளேயே இருந்தது. பழைய பைனரி பழையதை எடுக்கும், புதிதாக லிங்க் ஆவது 2.14-ஐ எடுக்கும். எஸ்ஓநேம் இன்றும் லிப்சி.எஸ்ஓ.6 தான்.

உங்களுக்கும் இனிட் இரண்டு, ஓப்பன் இரண்டு. லிங்கர் வெர்ஷன் ஸ்கிரிப்ட்டில் இரண்டு நோட் (பதிப்புப் பிரிவு): முதலாவது 24 பைட்டுக்கு, அடுத்தது 32-க்கு. ஜிசிசி 10-லிருந்து இந்த முத்திரையை இட சிம்வர் ஆட்ரிப்யூட் இருக்கிறது, அசெம்ப்ளி வரியாக எழுத வேண்டாம். எல்டிஓ (லிங்க் நேர ஆப்டிமைசேஷன்) போட்டால் அந்த அசெம்ப்ளி வரி தகராறு செய்யும்.

எட்டாம்பைட்:

முறை சரி, ஆனால் இங்கே காலம் கடந்துவிட்டது. 1.4, 1.5 இரண்டிலும் சிம்பலுக்கு வெர்ஷன் இருந்ததா? ரீட்எல்ஃப் கருவி வைத்து டைனமிக் சிம்பல் பட்டியலைப் பாருங்கள். பெயருக்குப் பின்னால் அட் (@) குறி இல்லையென்றால் வெர்ஷன் இல்லை.

தறிநூல்:

பார்த்தேன், இல்லை. இரண்டிலும் வெறும் பெயர்தான்.

எட்டாம்பைட்:

அப்படியானால் 1.4 பைனரியும் 1.5 பைனரியும், ஓடும்போது லைப்ரரியை இணைக்கும் லோடரின் கண்ணுக்கு ஒன்றுதான். வெர்ஷன் கேட்காமல் வரும் சிம்பலை ஜிலிப்சி லோடர் ஸ்கிரிப்ட்டின் முதல் நோட்டோடு கட்டிவிடும். 1.4-க்கு அது சரி. 1.5-ல் கம்பைல் ஆனதும் 24 பைட் ஓப்பனுக்கே போகும், அது போட்ட டைம்அவுட்டை யாரும் பார்க்க மாட்டார்கள். நோட்டுகளை வரிசை மாற்றி வைத்தால் 1.4 பழையபடி விழும். இரண்டையும் ஒரே எஸ்ஓநேமில் முழுசாகக் காப்பாற்ற வழியில்லை. ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

என் தேர்வு: 1.5.1-ல் ஃபீல்டைத் திரும்ப எடுத்துவிடுங்கள். ஸ்ட்ரக்ட் மறுபடி 24. டைம்அவுட்டுக்கு ஓப்பன் தரும் ஹேண்டிலை வாங்கும் தனி செட்டர் ஃபங்ஷன். 1.4 பைனரிகள் பிழைக்கும். 1.5 பைனரி 32 பைட் ஒதுக்கும், லைப்ரரி 24-ஐ மட்டும் தொடும். நினைவகத்துக்கு ஆபத்தில்லை, டைம்அவுட் மட்டும் செல்லாது. அதை ரிலீஸ் குறிப்பின் முதல் வரியிலேயே போடுங்கள். அவர்கள் சோர்ஸைத் திரும்பக் கம்பைல் செய்தால் அந்த ஃபீல்டு இல்லை என்று எரர் வரும். அது வரட்டும், நல்லதுதான்.

ஓப்பனுக்குள்ளேயே இணைப்பு நடந்து, டைம்அவுட் அதற்கு முன்பே வேண்டும் என்றால் ஓப்பன்2 என்று புதிதாக ஒன்று சேர்க்க வேண்டிவரும். அழகில்லை, ஆனால் உடையாது.

வெர்ஷன் ஸ்கிரிப்ட்டையும் 1.5.1-லேயே நுழைத்துவிடுங்கள், அடுத்த முறைக்கு உதவும். லோக்கல் பகுதியில் நட்சத்திரம் போட்டு மிச்சத்தையெல்லாம் மறைப்பதற்கு முன், இப்போது வெளியே தெரியும் சிம்பல்களை என்எம் கருவி வைத்து எடுத்து, ஒன்றுவிடாமல் குளோபலில் சேருங்கள். ஹெடரில் இல்லாத உள் ஃபங்ஷனையும் யாராவது கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.

முடிச்சு:

ஒப்புக்கொள்கிறேன், வெர்ஷன் இல்லாத பழைய பைனரிகளை நான் கணக்கில் எடுக்கவில்லை.

2.0 வரும்போது ஸ்ட்ரக்ட்டின் உடலை ஹெடரிலிருந்தே எடுத்துவிடுங்கள். பெயர் மட்டும் வெளியே, உருவாக்குவதும் அழிப்பதும் லைப்ரரி. குறியாக்க லைப்ரரியான ஓப்பன்எஸ்எஸ்எல் 2016-ல் 1.1.0-க்கு இதைத்தான் செய்தது. அதன் ஹெச்மேக் கான்டெக்ஸ்ட் என்ற ஸ்ட்ரக்ட்டை ஸ்டாக்கில் வைத்தவர்கள் எல்லாரும் நியூ, ஃப்ரீ என்று மாற்றி எழுத வேண்டியிருந்தது. எரிச்சல்தான், ஆனால் ஒருமுறை.

ஸ்ட்ரக்ட் வெளியேதான் இருக்க வேண்டும் என்றால் அளவை அழைப்பவரே சொல்லட்டும். லினக்ஸின் குளோன்3 சிஸ்டம் கால் அப்படித்தான். அளவு சிறியதாக வந்தால் மிச்சத்தைச் சுழியாக எடுத்துக்கொள்ளும். பெரியதாக வந்து, தனக்குத் தெரியாத பகுதியில் சுழி அல்லாதது இருந்தால் பிழை தரும்.

தறிநூல்:

புரிந்தது, ஃபீல்டை எடுத்துவிடுகிறோம். இரண்டு சின்னக் கேள்வி. லைப்ரரியைக் கட்டும் லிப்டூல் கருவியின் வெர்ஷன்-இன்ஃபோவில் 1:5:1 என்று போட்டால் போதுமா? இது இனி நடக்காமல் சிஐ-யில் (தானாக ஓடும் சோதனையில்) எப்படிப் பிடிப்பது?

எட்டாம்பைட்:

போடாதீர்கள். அது ரிலீஸ் எண் இல்லை, கரண்ட், ரிவிஷன், ஏஜ் என்ற மூன்று. லினக்ஸில் எஸ்ஓநேம் எண் = கரண்ட் கழித்தல் ஏஜ். 1:5:1 போட்டால் 0 ஆகிவிடும், எல்லாப் பைனரியும் லைப்ரரியே இல்லை என்று நிற்கும். ஃபங்ஷன் மட்டும் சேர்ந்தால் கரண்ட்டும் ஏஜும் ஒவ்வொன்று கூடும், ரிவிஷன் 0 ஆகும். எதையாவது நீக்கினால், மாற்றினால் ஏஜ் 0. இப்போது 3:0:2 என்றால் செட்டர் சேர்ந்தபின் 4:0:3, கோப்பு .எஸ்ஓ.1.3.0. ஃபீல்டை எடுப்பதும் மாற்றம்தானே என்று கேட்கலாம். இங்கே 1.4-க்குத் திரும்புகிறோம், ஏஜை 0 ஆக்கினால் எஸ்ஓநேம் மாறிவிடும்.

சிஐ-க்கு லிப்அபிகெய்லின் அபிடிஃப், இரண்டு லைப்ரரியின் பைனரி இடைமுகத்தை ஒப்பிடும் கருவி. (ஏபிஐ என்று தமிழில் எழுதினால் சோர்ஸ் இடைமுகமும் பைனரி இடைமுகமும் ஒன்றாகிவிடுகிறது. இது இரண்டாவதற்கு.) இரண்டு லைப்ரரியும் டீபக் தகவலோடு கம்பைல் ஆகியிருக்க வேண்டும், இல்லையென்றால் ஸ்ட்ரக்ட் அளவு அதற்குத் தெரியாது. ஒப்பிட வேண்டியது கடைசியாக வெளியான பைனரியோடு. முந்தைய கமிட்டோடு ஒப்பிட்டால் நாலு சின்ன மாற்றங்கள் சேர்ந்து உடைப்பது தப்பிவிடும். பொது ஹெடர் இருக்கும் டைரக்டரியையும் கொடுத்தால் உள் டைப்புகளின் இரைச்சல் குறையும்.

அபிடிஃப்பின் எக்ஸிட் கோட்டில் பலர் ஏமாறுகிறார்கள். 8 என்ற பிட் நிச்சயமாக உடைந்தது என்பதற்கு, சிம்பல் காணாமல் போவது போல. உங்கள் 24, 32 மாற்றத்துக்கு 4 மட்டும் வரக்கூடும், ஆள் பார்த்து முடிவெடு என்று அர்த்தம். 8-க்கு மட்டும் ஃபெயில் ஆகும் சிஐ இந்த மாற்றத்தைப் பச்சை விளக்கு காட்டி அனுப்பிவிடக்கூடும்.