‘கால் வழங்கப்பட்டதா? ஆம்’

பூநகரியான்:
2011 இல் கிளிநொச்சியில் நடந்த செயற்கைக் கால் முகாமில் பதிவு எழுதும் வேலை எனக்கு. மிதிவெடியில் முழங்காலுக்குக் கீழே இடக்காலை இழந்த ஓர் அக்கா வந்து அமர்ந்து, போட்டிருந்த காலைக் கழற்றினார். உள்ளே மூன்று காலுறைகள், அவற்றின்மேல் இரண்டு சுற்றுப் பழைய சேலைத்துண்டு. ஒவ்வொன்றாக உரித்து, மடித்து, மடியில் அடுக்கிய பிறகே புண்ணைக் காட்டினார். செயற்கைக் கால் கிடைத்தபோது வீங்கியிருந்த, வெட்டுண்ட கால்முனை பின்னர் வற்றி, அதைத் தாங்கும் குழி தளர்ந்துபோக, பேருந்துச் செலவோடு ஒருநாள் கூலியும் போய்விடும் என்பதால் திரும்பி வராமல் துணியால் அடைத்தே சமாளித்திருக்கிறார். அவருடைய பழைய படிவத்தைத் தேடி எடுத்தேன். ‘கால் வழங்கப்பட்டதா?’ என்ற கேள்விக்கு நேரே ‘ஆம்’ என்று இருந்தது. எழுத்து என்னுடையது.

முகமாலைக்காரி:
நான் மிதிவெடி அகற்றும் பணியில் இருந்தவள். இரு தரப்பு முன்னரண்களும் ஆண்டுக்கணக்காக எதிரெதிரே நின்ற முகமாலையின் நிலம் எப்படிப்பட்டது என்பதை நான் விளக்கத் தேவையில்லை. விறகு பொறுக்கப் போய்க் காலை இழந்த ஐயா ஒருவர், மிதிவெடி எல்லையைக் காட்டும் சிவப்பு முனைக் கட்டைகளுக்கு வெளியே நின்று தன் வளவைப் பார்த்துவிட்டுப் போவார். ஒருநாள் அவருடைய கிணற்றடியில், கல்லிலிருந்து ஒரு சாண் தள்ளி, ஜொனி மிதிவெடி ஒன்றை எடுத்தோம். அதைச் சொன்னபோது அவர் கேட்டது இவ்வளவுதான்: “தோய்க்கிற கல்லு உடையேல்லைத்தானே, பிள்ளை?” பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கைதடி வாசகன்:
பூநகரியான் படிவத்தின்மேல் பழி போடுவது முறையாகத் தெரியவில்லை. கால்முனை முதல் ஆண்டில் வற்றுவது இயல்பு. ஆகவே முதலில் கிடைக்கும் காலைத் தற்காலிகமானதென்றே கொள்ள வேண்டும். காலுறை பருத்தியாக இருக்கட்டும், நாள்தோறும் தோய்த்து நன்றாக உலர்த்தியே போடுங்கள். கழற்றியபின் தோலில் தெரியும் சிவப்பு கால்மணி நேரத்துக்குள் மறையாவிட்டால் குழி பொருந்தவில்லை என்று பொருள். உறைக்குமேல் உறை போட்டு அதைச் சரிக்கட்ட முயலாதீர்கள். புதுக் குழிக்கு அளவு கொடுங்கள். வளரும் பிள்ளைகளை இன்னும் அடிக்கடி காட்ட வேண்டும். யாழ்ப்பாணத்தில் செயற்கைக் கால் பொருத்தும் ஜெய்ப்பூர் நிலையம் 1987 முதல் இயங்குகிறது. பக்கத்தில் இருப்பவர்களாவது முகாமுக்குக் காத்திராமல் நேரே போகலாம். 2017 டிசம்பரில் மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கையும் சேர்ந்துவிட்டது; பாதிக்கப்பட்டோருக்கு உதவுவதும் அதில் அடக்கம். ஆகவே உதவி கேட்பதில் எவரும் கூச்சப்பட வேண்டியதில்லை. என் அனுபவம் சிறியது: ஜெய்ப்பூர்க் கால் வெறும் பாதம் போன்றே வார்க்கப்படுவதால், என் தம்பி நல்லூர் வீதியில் செருப்பில்லாமல் நடந்தபோது ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பூநகரியான்:
நான் படிவத்தைக் குறை கூறவில்லை. எழுத்து என்னுடையது என்றுதான் எழுதினேன். சிவப்பு எவ்வளவு நேரம் நிற்கும் என்பது அந்த அக்காவுக்கு நம் எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். அன்று மாக்கட்டு அச்சு எடுத்து முடிந்ததும், புதியது வரும்வரை பழையதைப் போட வேண்டாம் என்று தொழில்நுட்பவியலாளர் சொன்னார். நாளைக்குக் களை பிடுங்கப் போகவேண்டும் என்று சொல்லியபடியே, மடியில் இருந்தவற்றை அதே வரிசையில் திரும்பச் சுற்றிக்கொண்டு அவர் எழுந்து போனார்.