மறு: ‘ஓவர்சைட்’ என்பதற்குத் தமிழ் – கேள்விமுறை?

குழுவினர் எல்லோருக்கும் வணக்கம்.

இரண்டு நாளாக இந்த இழையைப் படித்துக்கொண்டு வருகிறேன். ‘பார்லிமென்டரி ஓவர்சைட்’டுக்கு, அதாவது அரசுத் துறைகள் ஒழுங்காக வேலை செய்தனவா என்று நாடாளுமன்றம் கேட்டுப் பார்ப்பதற்கு, இதுவரை வந்த தமிழ்ச் சொற்கள் மேற்பார்வை, கண்காணிப்பு, மேலாய்வு. மூன்றும் எனக்கு இடிக்கின்றன.

> ‘கண்காணிப்பு’ எல்லாச் செய்தித்தாளிலும் இருக்கிறதே, அதை ஏன் விடவேண்டும்?

ஐயா, இருப்பதுதான் சிக்கல். போலீஸ் பார்ப்பதும் கண்காணிப்பு, நோயாளியை ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில் வைத்திருப்பதும் கண்காணிப்பு, புயல் சின்னத்தைப் பார்ப்பதும் அதுவே. ‘மானிட்டரிங்’குக்கும் அந்தச் சொல்லைத்தான் கொடுத்துவிட்டோம். நான் மொழிபெயர்க்கும், அரசு பணம் கொடுக்கும் திட்டங்களைப் பற்றிய கையேட்டில் இரண்டும் ஒரே வரியில் வருகின்றன. துறை தன் திட்டத்தை மாதாமாதம் மானிட்டர் செய்கிறது. துறை ஒழுங்காகச் செய்ததா என்பது நாடாளுமன்றக் குழுவின் ஓவர்சைட். இரண்டுக்கும் கண்காணிப்பு என்று போட்டுப் பாருங்கள், யார் யாரைப் பார்க்கிறார்கள் என்றே தெரியாது.

மேற்பார்வை என்பது மேஸ்திரி வேலை. மேஸ்திரி பக்கத்தில் நின்று, வைத்த கல்லை எடுத்துத் திருப்பி வைக்கச் சொல்லலாம். நாடாளுமன்றக் குழுவுக்கு அது முடியாது. பொதுக் கணக்குக் குழுவையே எடுத்துக்கொள்வோம். மக்களவையிலிருந்து 15 பேர், மாநிலங்களவையிலிருந்து 7 பேர், மொத்தம் 22. 1967 முதல் எதிர்க்கட்சிக்காரர் தலைவராக இருப்பது வழக்கம். அரசுக் கணக்கைத் தணிக்கை செய்யும் சிஏஜியின் அறிக்கை அரசியலமைப்பின் 151ஆம் பிரிவின்படி அவைக்கு வந்த பிறகுதான் குழு அதைக் கையில் எடுக்கிறது. அதற்குள் பணம் செலவாகி முடிந்திருக்கும். வேலையை நிறுத்தவோ பில்லைப் பிடித்துவைக்கவோ குழுவால் ஆகாது. துறைச் செயலாளரைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்கலாம், பரிந்துரை எழுதலாம், என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று திரும்பவும் கேட்கலாம். அதிகாரம் முழுக்க அந்தக் கேட்பதில்தான் இருக்கிறது.

அதனால் என் சொல் ‘கேள்விமுறை’. நான் உட்கார்ந்து உருவாக்கியது இல்லை, தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் கிடைத்தது. மழைநீர் வடிகாலுக்காகப் பள்ளம் வெட்டி, கம்பியை நட்டு, பாதியில் விட்டிருந்த நேரம். வாசலுக்கும் ரோட்டுக்கும் நடுவே ஒரு சவுக்குப் பலகை. இடுப்பில் குடத்தோடு, பலகையில் ஒரு காலும் படியில் ஒரு காலுமாக நின்றுகொண்டு பின்வீட்டு ஆயா சத்தம் போட்டார்: “இன்னாபா இது, தோண்டிப் போட்டுட்டுப் போயிக்கினே இருந்தா, ஒரு கேள்விமுறை இல்லியா?”

கவனியுங்கள், மேஸ்திரி தினமும் காலையில் வந்து பார்த்துவிட்டுத்தான் போனார். தெருமுனையில் கண்காணிப்பு கேமராவும் இருந்தது. அதாவது மேற்பார்வை, கண்காணிப்பு இரண்டும் குறைவில்லாமல் நடந்தன. ஆயா தேடியது, இவர்களையெல்லாம் நிற்கவைத்து ‘ஏன்’ என்று கேட்கிற ஆளை.

இப்போது கையேட்டின் விஷயத்துக்கு வருகிறேன். செயல்திறனை அளந்து சொல்லும்படி அரசுத் துறைகளுக்குச் சட்டம் போட்டது அமெரிக்கா, 1993இல். இலக்கு என்ன, எட்டியது எவ்வளவு என்று காங்கிரசுக்கு (கட்சி இல்லை, அவர்கள் நாடாளுமன்றம்) ஆண்டுதோறும் எழுதித் தரவேண்டும். நம்மூரில் 2005இல் ‘அவுட்கம் பட்ஜெட்’, அதாவது செலவால் என்ன விளைந்தது என்று சொல்லும் பட்ஜெட், வந்தது. வடிகால் எத்தனை மீட்டர் போட்டோம் என்பது வெளியீடு. அடுத்த ஐப்பசியில் வாசலில் முழங்கால் தண்ணீர் நிற்கிறதா என்பது விளைவு. மானியம் வாங்கியவர் கொடுக்கும் பயன்பாட்டுச் சான்றிதழ், பணம் கொடுத்த காரியத்துக்கே செலவானது என்று சொல்லும். தண்ணீர் வடிந்ததா என்று சொல்லாது. அதைக் கேட்டு வாங்குவதற்குத்தான் கேள்விமுறை.

‘மானியம்’ என்ற ஒரே சொல் பலவற்றுக்கும் வந்து குழப்புகிறது என்று இந்த இழையில் அக்கா எழுதியதை ஒப்புக்கொள்கிறேன். உர மானியம், உதவி மானியம், மானியக் கோரிக்கை எல்லாம் ஒரே சட்டிக்குள் கிடக்கின்றன. மானியக் கோரிக்கை சட்டமன்றத்தில் ஊறிப்போன சொல், அதைத் தொடவேண்டாம். திட்டத்துக்குக் கொடுக்கும் தொகைக்கு ‘நல்கை’ போதும். ‘நல்கைத் திட்டங்கள் மீதான நாடாளுமன்றக் கேள்விமுறை’ – வாய்விட்டுப் படித்தேன், ஓடுகிறது.

> கேள்வி நேரத்தோடு குழம்பாதா?

கேள்வி நேரமும் கேள்விமுறையில் ஒரு பங்குதானே. குழம்பினாலும் பெரிய மோசமில்லை.

> இலங்கை நாடாளுமன்றத்தில் ‘துறைசார் மேற்பார்வைக் குழு’ என்றே இருக்கிறது.

எனக்கு எதிராக வந்ததில் வலுவான வாதம் இதுதான். அது குழுவின் பெயர், அப்படியே எழுதுவோம். பெயரை மாற்ற நாம் யார்? கருத்துக்கு மட்டும் கேள்விமுறை என்கிறேன். அங்கே ஆடிட்டுக்குக் ‘கணக்காய்வு’ என்பதால், ‘மேலாய்வு’ என்று எழுதினால் அதை இன்னொரு தணிக்கை என்று நினைத்துக்கொள்வார்கள். ஆயாவிடமும் மேலாய்வைச் சொல்லிப் பார்த்தேன். “கீரையா?” என்றார்.

என் சொல்லிலும் ஓட்டை இருக்கிறது, மறைக்கவில்லை. பேச்சில் இது பெரும்பாலும் ‘இல்லை’ என்பதோடுதான் வருகிறது. கேள்விமுறை இல்லை, கேள்விமுறை இல்லாமல். ‘இருக்கிறது’ என்று சொல்ல நமக்கு வாய்ப்பே வரவில்லை போலும். வினையாக்குவதும் கஷ்டம்: ‘கேள்விமுறை செய்தது’ என்றால் ஒட்டவில்லை, ‘கேள்விமுறைக்கு உட்படுத்தியது’ நீளமாக இருக்கிறது. குறுகலாக ஏதாவது தோன்றினால் வியாழனுக்குள் எழுதுங்கள். வெள்ளிக்கிழமை கையேடு அச்சகத்துக்குப் போகிறது.

தண்டையார்பேட்டையிலிருந்து,
உங்கள் மொழிபெயர்ப்பாளன்