கிம்ப் (படம் திருத்தும் மென்பொருள்): சேனலில் சேமித்த பிறகு பிரஷ் விழவில்லை, செலக்ஷனும் கெட்டுவிட்டது

கேள்வி
வணக்கம். பாட்டியின் பழைய ஸ்டூடியோ படம், கறுப்பு வெள்ளை. பின்னால் இருக்கும் திரை முழுக்கப் பூஞ்சை. பாட்டியைத் தொடாமல் திரையை மட்டும் சுத்தம் செய்ய நினைத்தேன். இரண்டு இரவு உட்கார்ந்து, குவிக் மாஸ்க்கில் (செலக்ஷனை, அதாவது தேர்ந்தெடுக்கும் பகுதியை, பிரஷால் வரையும் முறை) பாட்டியின் உருவத்தை வரைந்தேன். காதோரம் பறக்கும் நாலைந்து முடியைக்கூட விடவில்லை. சேவ் டு சேனல் (செலக்ஷனைச் சேனலாகச் சேமிக்கும் கட்டளை) கொடுத்துவிட்டு, கன்ட்ரோல்+ஐ அழுத்தி செலக்ஷனைத் தலைகீழாக்கி, திரையின் வெளிர்சாம்பல் நிறத்தில் பிரஷ் போட்டேன். படத்தில் ஒன்றுமே விழவில்லை. பிரஷைப் பெரிதாக்கித் தேய்த்தும் பலனில்லை. சேமித்து மூடிவிட்டேன். இன்று சேனலிலிருந்து செலக்ஷனை எடுத்தால், திரையிலும் அங்கங்கே எறும்புக் கோடு (செலக்ஷனின் எல்லையைக் காட்டும் நகரும் கோடு) ஓடுகிறது. அடுத்த மாதம் பாட்டிக்கு வருஷ திதி, அன்று படத்தை மாட்ட வேண்டும். திரும்ப முதலிலிருந்து வரைய வேண்டுமா?

மறுமொழி 1
பிரஷ் ஒபாசிட்டி (நிறத்தின் அடர்த்தி) 100 இருக்கிறதா? மோட் (நிறம் கலக்கும் முறை) நார்மலா?

கேட்டவர்
இரண்டும் சரியாகத்தான் இருக்கின்றன.

மறுமொழி 2
வேண்டவே வேண்டாம், உங்கள் உழைப்பு அப்படியே இருக்கிறது. சேவ் டு சேனல் கொடுத்ததும் கிம்ப் அந்தப் புதுச் சேனலையே தேர்ந்தெடுத்து வைத்துவிடும். லேயர் (படம் இருக்கும் அடுக்கு) தாவலுக்குப் போய் லேயரைத் தட்டும்வரை பிரஷ் சேனலில்தான் விழும். சேனலின் கண் அடையாளம் மூடியிருப்பதால் விழுவது கண்ணுக்குத் தெரியாது. எனக்கும் இப்படி ஒரு நாள் முழுக்க வீணாகியிருக்கிறது.

சேமித்த செலக்ஷன் என்பது ஒரு சாம்பல் நிறப் படம், அவ்வளவுதான். வெள்ளை என்றால் தேர்வானது, கறுப்பு என்றால் ஆகாதது, இடைப்பட்ட சாம்பல் பாதி தேர்வு. எறும்புக் கோடு பாதி அளவைத் தாண்டிய இடத்தைத்தான் சுற்றி ஓடும். நீங்கள் போட்ட வெளிர்சாம்பல் அதைத் தாண்டியதால்தான் திரையில் கோடு தெரிகிறது. நல்லவேளை, செலக்ஷனைத் தலைகீழாக்கிவிட்டுத் தேய்த்தீர்கள். அதனால் பாட்டியின் உருவத்துக்குள் ஒரு தீற்றலும் போயிருக்காது.

ஷிஃப்ட்+கன்ட்ரோல்+ஏ அழுத்தி செலக்ஷனை நீக்குங்கள். சேனலைத் தட்டி, கண்ணைத் திறந்து, திரைப் பகுதி முழுவதையும் பெரிய பிரஷால் கறுப்பாக்குங்கள். ஓரத்தை மட்டும் நெருங்க வேண்டாம். பிறகு சேனல் டு செலக்ஷன் கொடுத்து, மறக்காமல் லேயரைத் தட்டி, ஆட் லேயர் மாஸ்க்கில் (லேயரின் எந்தப் பகுதி தெரிய வேண்டும் என்று சொல்லும் மறைப்பு) செலக்ஷன் என்பதைத் தேர்ந்தெடுங்கள். அடியில் புது லேயர் ஒன்றில் சாம்பல் நிறம் நிரப்பினால் போதும். அசல் லேயரில் ஒரு புள்ளிகூட அழியாது.

கிம்ப்பின் சொந்தக் கோப்பு வகையான எக்ஸ்.சி.எஃப் ஆகத்தானே சேமித்தீர்கள்? ஜேபெக்கில் சேனல் நிற்காது.

கேட்டவர்
ஆமாம், எக்ஸ்.சி.எஃப்தான். அண்ணா, கோடி நன்றி! திரை சுத்தமாகிவிட்டது. ஆனால் தோளிலும் கொண்டையிலும் மெல்லிய வெள்ளை விளிம்பு தெரிகிறது. பின்னணிக்கு அடர்சாம்பல் போட்டிருக்கிறேன்.

மறுமொழி 3
விளிம்புப் புள்ளிகளில் பழைய திரையின் வெளிச்சமும் கலந்திருக்கும், அண்ணன் நெருங்க வேண்டாம் என்ற ஓரத்தில் உங்கள் சாம்பலும் கொஞ்சம் மிச்சமிருக்கும். லேயர் மாஸ்க்கின் சிறுபடத்தைத் தட்டுங்கள், அதைச் சுற்றி வெள்ளைக் கட்டம் வர வேண்டும். கலர்ஸ் மெனுவில் லெவல்ஸ் (வெளிச்ச அளவை மாற்றும் கருவி) திறந்து, நடு முக்கோணத்தைக் கொஞ்சம் வலப்பக்கம் நகர்த்துங்கள். மாஸ்க்கின் சாம்பல் இருண்டு விளிம்பு உள்ளே வாங்கும். காதோர முடியும் சேர்ந்து மெலியும், அதைச் சின்ன வெள்ளைப் பிரஷால், ஒபாசிட்டி 30-க்குக் குறைத்து, மாஸ்க்கிலேயே மீட்டுவிடலாம். பின்னணியைப் பழைய திரையின் வெளிர்சாம்பலுக்கே கொண்டுவாருங்கள் தம்பி. அந்தக் கால ஸ்டூடியோ வெளிச்சத்துக்கு அதுதான் ஒட்டும்.

கேட்டவர்
வெளிர்சாம்பலுக்கு மாற்றியதுமே பாதி விளிம்பு காணாமல் போனது, மீதியை லெவல்ஸ் எடுத்துக்கொண்டது. முடியை ஒவ்வொன்றாக மீட்டுவிட்டேன். அம்மா கணினித் திரையைப் பார்த்து, "காத்துல முடி பறக்குது பார், அம்மா அப்படித்தான் இருப்பாங்க" என்றார். நாளை அச்சுக்குக் கொடுக்கிறேன்.