'ப்ளூ ஹில்ஸ்' பழைய அத்தியாயங்கள் யாரிடமாவது இருக்கிறதா?

வணக்கம். ஆஸ்திரேலியாவின் ஏபிசி வானொலியில் 1949 முதல் 1976 வரை வந்த 'ப்ளூ ஹில்ஸ்' தொடரைத் தேடுகிறேன். மொத்தம் 5,795 அத்தியாயங்கள். அத்தனையும் க்வென் மெரெடித் என்ற ஒரே பெண்மணி எழுதியது! ஐம்பதுகளில் வந்தவைதான் எனக்குக் கிடைக்கவே மாட்டேன் என்கின்றன.

அங்கே இருப்பவர்கள் பழைய பொருள் கடையிலோ, தெரிந்தவர் வீட்டு கராஜிலோ அந்தக் கால வானொலி நிலையங்களின் 16 அங்குல ஒலிப்பதிவுத் தட்டுகளைப் பார்த்தால் தயவுசெய்து சொல்லுங்கள். பழைய கிராமபோனில் மட்டும் போட்டுப் பார்க்காதீர்கள், கனமான ஊசி தட்டையே கெடுத்துவிடும். லேபிளைப் படமெடுத்து அனுப்பினால் போதும். வீட்டில் பதிவு செய்த ஸ்பூல் டேப் என்றாலும் சரி. அப்புறம், கான்பெராவில் உள்ள தேசியத் திரைப்பட, ஒலிக் காப்பகத்தில் தேடிப் பழகியவர்கள் இருந்தால் வழி சொல்லுங்களேன்.